பனி பெய்யலன்னா ருடால்ஃபுக்கு என்ன மரியாதை?

1/ போன வாரம் ஓ.பி-யில ஒரு அப்பாவும் அவரோட மூணாவது படிக்கிற பொண்ணும். திண்டிவனம் பக்கத்துல ஒரு கிராமம். (அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்.) சீட்டு போட்டது சளிக்கு. அவர் கேட்டது வேற: "மேடம், இந்த வெள்ளை பத்து நாள்ல போயிடுமா?"

2/ பாப்பாவுக்கு கண்ணைச் சுத்தியும் வாய் ஓரத்துலயும் வெண்புள்ளி. ஸ்கூல் கிறிஸ்மஸ் விழாவுல தேவதை வேஷம் கொடுத்திருந்தாங்க. "ஒட்டிக்கும்"னு ரெண்டு பெற்றோர் புகார் சொன்னதும் வேஷம் வேற பிள்ளைக்குப் போயிடுச்சு. இவ கடைசி வரிசையில நின்னு பாடணுமாம்.

3/ ஆறுதலா இருக்கட்டுமேன்னு ருடால்ஃப் கதையைச் சொன்னேன். மூக்கு சிவப்பா எரியற கலைமான். மத்த மான்களெல்லாம் கிண்டல் பண்ணும். கிறிஸ்மஸ் ராத்திரி பயங்கர பனி, சாண்டா தாத்தாவுக்கு வழி தெரியல. ருடால்ஃப் மூக்கு வெளிச்சத்துலதான் வண்டியே போகுது. அப்புறம் எல்லாருக்கும் அவன்தான் செல்லம்.

4/ பனின்னா என்னன்னு அவளுக்கு விளக்க வேண்டியதில்ல. மார்கழி விடியக்காலையில பைபாஸ்ல லாரிங்க லைட்டைப் போட்டுக்கிட்டு ஊர்ந்து போறதைப் பாத்து வளர்ற பொண்ணு. முழுசா கேட்டுட்டு ஒரே கேள்வி: "அன்னிக்கு பனி பெய்யலன்னா?"

எனக்கு பதில் வரல.

5/ அந்தக் கதை பிறந்தது 1939-ல, சிகாகோவுல. மாண்ட்கோமரி வார்டுங்கிற பெரிய கடை, பண்டிகைக்கு வர்ற குழந்தைகளுக்கு இலவசமா கொடுக்க ஒரு படப் புத்தகம் கேட்டுச்சு. எழுதினவர் அங்க விளம்பரம் எழுதிட்டிருந்த ராபர்ட் மே. சின்ன வயசுல ஒல்லியா, கூச்சப்பட்டு ஒதுங்கி நின்ன ஆளு.

6/ எழுதிட்டிருக்கும்போதே அவரோட மனைவி புற்றுநோயில இறந்துட்டாங்க. நாலு வயசு மகளுக்குப் படிச்சுக் காட்டிக் காட்டியே கதையை முடிச்சாரு. சிவப்பு மூக்குன்னா குடிகாரன் நினைப்பு வருமேன்னு கடைக்காரங்க தயங்கினாங்க. டென்வர் கில்லன் போட்ட படத்தைப் பாத்துட்டு ஒத்துக்கிட்டாங்க. அந்த வருஷமே சுமார் 24 லட்சம் பிரதி போச்சு.

7/ நல்ல மனசோட எழுதின புத்தகம், சந்தேகமே இல்ல. ஆனா பாப்பா கேட்டது சரியான கேள்வி. கிண்டல் பண்ண மான்கள் திருந்தினது ருடால்ஃப் மூக்கு அவங்க வேலைக்கு உதவினப்புறம்தான். அதுவரைக்கும் அவன் தனியாத்தான் நின்னான்.

8/ நம்ம ஊர்லயும் இதே கணக்குதான். "கால் கொஞ்சம் வராது, ஆனா கணக்குல நூத்துக்கு நூறு." "கறுப்புதான், ஆனா நல்லா பாடுவா." அந்த "ஆனா"வைப் பாருங்க. வித்தியாசமா பொறந்ததுக்குப் பிள்ளைங்க திறமையால அபராதம் கட்டணும். சுமாரா படிச்சு, சுமாரா பாடற பிள்ளை எதைக் கட்டும்?

9/ இப்ப மருத்துவம். வெண்புள்ளி ஒட்டாது. தொட்டாலும், கூட சாப்பிட்டாலும், ஒரே பெஞ்சுல உக்காந்தாலும் ஒட்டாது. நம்ம எதிர்ப்பு சக்தியே தோலோட நிறமிச் செல்களை அழிக்கறதால வர்றது. தொழுநோய்க்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. மீன் சாப்பிட்டு பால் குடிச்சாலும் இது வராது.

10/ "வெண்குஷ்டம்"னு சொல்லாதீங்க, "வெண்புள்ளி"ன்னு சொல்லுங்கன்னு தமிழ்நாடு அரசு 2010-லயே ஆணை போட்டாச்சு. இன்னமும் ஓ.பி-யில பழைய பேர்தான் காதுல விழுது, அதுவும் பிள்ளை பக்கத்துல நிக்கும்போதே.

11/ சிகிச்சை இருக்கு. களிம்புகள், புற ஊதா ஒளி சிகிச்சை. முகத்துல இருக்கறது ஓரளவு நல்லா கேக்கும், உதடும் விரல் நுனியும் லேசுல கேக்காது. மாசக்கணக்குல ஆகும், பத்து நாள்ல எதுவும் நடக்காது. கார்போகரிசி எண்ணெயைத் தடவி வெயில்ல நிக்க வெச்சு, கொப்புளத்தோட தூக்கிட்டு வராதீங்க. நான் எம்பிபிஎஸ்தான், அதனால முண்டியம்பாக்கம் மெடிக்கல் காலேஜ் தோல் பிரிவுக்கு எழுதிக் கொடுத்தேன்.

12/ "இருக்கிறபடியே ஏத்துக்கணும்னா மருந்து எதுக்கு?"ன்னு கேப்பீங்க. மருந்து அவளுக்கு வேணும்னா அவளுக்காக. விழா மேடையில நிக்கறதுக்கான நுழைவுச் சீட்டு இல்ல அது. நிறம் திரும்பினாலும் திரும்பாட்டியும் முன் வரிசையில அவளுக்கு இடம் இருக்கணும்.

13/ டீச்சர்களுக்கு ஒரு வேண்டுகோள். ருடால்ஃப் கதையை தாராளமா சொல்லுங்க. சொல்லி முடிச்சதும் பாப்பா கேட்ட அந்தக் கேள்வியை வகுப்புல கேளுங்க. "பனி பெய்யலன்னா அந்த மான்கள் என்ன பண்ணியிருக்கணும்?" பிள்ளைங்க நம்மளைவிட நல்ல பதில் சொல்லும்.

14/ அப்பாகிட்ட ஒரு தாள் கொடுத்தேன். "இது தொற்று நோய் அல்ல. எல்லா நிகழ்ச்சிகளிலும் கலந்துகொள்ளலாம்"னு எழுதி, கையெழுத்து, சீல். வேஷம் திரும்பக் கிடைச்சுதான்னு தெரியல. உங்க பிள்ளைக்கும் இப்படி நடந்தா பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில கேளுங்க, எழுதித் தருவாங்க. இப்படி ஒரு தாள் இல்லாமலேயே பிள்ளையைச் சேத்துக்கிற ஸ்கூல்தான் நமக்கு வேணும். அது வர்ற வரைக்கும் சீல் குத்தித் தர நான் ரெடி.