எண்ணிப் பார்ப்பதும் படித்துப் பார்ப்பதும்

மருத்துவக் கல்லூரி ஆசிரியருக்குப் பதவி உயர்வு வேண்டுமானால் இத்தனை ஆய்வுக் கட்டுரை காட்ட வேண்டுமாம். அவற்றை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்றும் கணக்குப் பார்க்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை.

நான் குமாஸ்தாவாக இருந்தவன். மாதக் கடைசியில் முடித்த கோப்புகளின் பட்டியல் கொடுப்போம். லீவு விண்ணப்பம் ஐந்து நிமிடத்தில் முடியும். ஒரு விதவையின் பென்ஷன் கோப்புக்கு மாதக்கணக்கில் மெனக்கெட வேண்டும். பட்டியலில் இரண்டுக்கும் எண்ணிக்கை ஒன்றுதான்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து, தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்ற புரதம் மூன்று இழைகள் சேர்ந்தது என்று 1954-ல் எழுதினார். 1963-ல் ராமகிருஷ்ணன், சசிசேகரனோடு ஒரு வரைபடம் வெளியிட்டார். ஒரு புரதத்துக்குச் சொல்லப்படும் வடிவம் சரிதானா என்று உலகம் முழுக்க இன்றும் அதை வைத்துச் சோதிக்கிறார்கள். 'ராமச்சந்திரன் வரைபடம்' என்று பெயரை மட்டும் சொல்லி, மூலக் கட்டுரையைக் குறிப்பிடாமல் விடுபவர்களும் உண்டு. அது எந்த மேற்கோள் கணக்கில் ஏறும்?

நம் ஊரில் நல்ல நெசவாளியை வருஷத்துக்கு எத்தனை புடவை என்றா மதிக்கிறோம்? கோர்வை பிரியாமல் நிற்கிறதா என்று கையில் எடுத்துப் பார்க்கிறோம். தேர்வு செய்பவர்களும் கட்டுரைகளை எண்ணுவதற்கு முன் ஒன்றிரண்டையாவது படித்துப் பார்க்கட்டும்.