துப்பாக்கியின் ஜாதகம்

வல்லத்து அன்பர் ஒருவர் பழைய துப்பாக்கி ஒன்றின் படத்தை நம்மிடம் நீட்டி, "இது எந்தத் தேசத்துச் சரக்கு, ஐயா?" என்று வினவினார்.

துப்பாக்கியின் ஜாதகம் அதன் மேனியிலேயே பொறித்திருக்கும். போல்ட்டுக்குப் பின்னால், மரக்கட்டை பொருந்தும் இரும்புக் கழுத்தின் வலப்புறத்தை நோக்கினோம். கிரீடம், 'ஜி.ஆர்.ஐ.', இஷாப்பூர், ஆண்டு, மூன்றாம் மாதிரி என்ற குறி. ஆக, கல்கத்தாவை அடுத்த இஷாப்பூரில் பிறந்த லீ-என்பீல்டு ரைபிள். இங்கிலாந்தில் செய்தவற்றில் அந்த 'ஐ' இராது. அது சக்கரவர்த்திப் பட்டத்தின் சுருக்கம். நமக்காகவே சேர்த்த மரியாதை!

ஆனால் தோட்டாப் பெட்டி இருக்கவேண்டிய இடத்தை ஒரு மரத்துண்டு அடைத்திருந்ததே! அங்கேதான் சூட்சுமம். குண்டைச் சுழற்றி நேரே செலுத்துவது குழலின் உட்புறத்து முறுக்குவரி. அவ்வரி இல்லாமல் குழலை வழவழப்பாக்கி, ஒரு முறைக்கு ஒரே .410 தோட்டா இட்டுச் சுடும்படி மாற்றி, போலீஸாரிடமும் காவலரிடமும் கொடுத்தார்கள். பட்டாளத்து .303 தோட்டா இதற்கு உதவாது. 1857க்குப் பின் சிப்பாய்களின் என்பீல்டிலும் வரியைக் கடைந்தெடுத்தவர்கள்தாமே! ஆயுதத்தைக் கொடுப்பார்கள், நம்பிக்கையைக் கொடுக்கமாட்டார்கள்.

1947க்குப் பின்னும் பல்லாண்டுகள் நம் போலீஸார் அந்த ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கியையே சுமந்தனர்.