தலைக்கு வந்ததும் தலைப்பாகையும்

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பது நம் முன்னோர் வழக்கு. பெருந்தீங்கு ஒன்று சிறிய இழப்போடு நீங்கும்போது பெருமூச்சுடன் சொல்லப்படும் இம்மொழியை நாம் அடிக்கடி கேட்கிறோம், சொல்லவும் செய்கிறோம். ஆயினும், இதனுள் ஒரு நிபந்தனை மறைந்து கிடப்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. தலையில் பாகை இருந்தால்தான் வந்தது பாகையோடு போகும். வெறுந்தலைக்கு வந்தது எதனோடு போகும்?

இக்கேள்வி நம் உள்ளத்தில் எழக் காரணமாயிருந்தவர் நம் துறையில் பயின்ற மாணவர் ஒருவர். எட்டுக் கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிற்றூரிலிருந்து நாள்தோறும் மிதிவண்டியில் வருபவர். அவ்வண்டியும் மேனிலைப் பள்ளியில் பயின்றபோது அரசு விலையின்றி வழங்கியது. ஒரு நாள் மாலை, வகுப்பு முடிந்து வீடு திரும்பும் வழியில், பின்னால் வந்த லாரி ஒன்று தொடர்ந்து ஒலியெழுப்பியது. அவர் தார்ச்சாலையை விட்டு மண்ணில் இறங்கினார். தாருக்கும் மண்ணுக்கும் இடையே அரையடிப் பள்ளம். முன்சக்கரம் சறுக்கியது. விழுந்தவரின் தலை மைல்கல்லில் மோதியது. லாரி அவரைத் தீண்டவே இல்லை; நிற்கவும் இல்லை.

மண்டையோட்டினுள் குருதி கசிந்திருந்தது. அறுவை செய்தார்கள். இறையருளால் பிழைத்தார். ஓராண்டு கழித்துக் கல்லூரிக்குத் திரும்பியபோது நடையில் குறையில்லை. முகத்தில் அதே புன்னகை. ஆனால், வகுப்பில் எழுந்து நின்று விடை சொல்லத் தொடங்கினால் பாதியில் ஒரு சொல் வராது. "அது... அது..." என்று கையால் காற்றைத் துழாவிக்கொண்டு நிற்பார். ஒரு முறை 'பேனா' என்னும் சொல் வரவில்லை. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே தேடினார். சொல்லையே தொழிலாகக் கொண்ட நமக்கு அக்காட்சியைப் பார்த்துக்கொண்டு நிற்பது எளிதாக இருக்கவில்லை.

மிதிவண்டியில் வரும் மாணவர்களுக்குத் தலைக்கவசம் வாங்கித் தரலாமா என்று ஒரு கூட்டத்தில் நாம் கேட்டோம். இரண்டு மறுப்புகள் எழுந்தன. சமுதாயப் பெரியவர் ஒருவர், "நாயன் எழுதியதை அட்டைத் தொப்பி தடுத்துவிடுமா, பேராசிரியரே?" என்றார். அறிவியல் துறையின் இளைய ஆசிரியர் ஒருவரோ, தலைக்கவசம் பயன் தருகிறதா என்பதே மேலைநாடுகளில் இன்னும் வழக்காடப்படும் செய்தி என்றார். இருவருக்கும் அன்று நம்மிடம் செம்மையான விடையில்லை. அதன்பின் படித்தவற்றையும் எண்ணியவற்றையும் இங்கே எழுதுகிறோம்.

பெரியவருக்கு முதலில். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனிடம் பொறுப்புச் சாட்டுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு மனிதருக்குச் சொன்ன செய்தி திர்மிதீ நூலில் உள்ளது. அதனை நம் வீட்டுச் சிறுவரும் அறிவர் என்பதால் விரிக்கவில்லை. நாம் நினைவூட்ட விரும்புவது உஹதுப் போர்க்களத்தை. ஹிஜ்ரி 3 ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 625 இல், நடந்த அப்போரில் நாயகம் (ஸல்) அவர்கள் இரட்டைக் கவசமும் தலைச்சீராவும் அணிந்திருந்தார்கள். இறைவனின் தூதரே அணிந்திருந்தார்கள் என்பதொன்றே விதியைக் காட்டி வாதிடுவோருக்குப் போதுமான விடை. ஆனால் அந்நிகழ்ச்சி அத்துடன் முடியவில்லை. எதிரியின் தாக்குதலில் சீரா நொறுங்கி, அதன் இரு வளையங்கள் நாயகத்தின் கன்னத்தில் புதைந்தன. அபூ உபைதா (ரலி) அவர்கள் அவற்றைத் தம் பற்களால் கவ்வி இழுத்தெடுத்து, அம்முயற்சியில் முன்பற்களை இழந்தார்கள். கவசம் உயிரைக் காத்தது, காயமும் தந்தது. அதன் பின்னர், ஹிஜ்ரி 8 இல் மக்காவுக்குள் நுழைந்தபோதும் நாயகத்தின் தலையில் சீரா இருந்தது. காயம் தந்தது என்று கழற்றி எறியப்படவில்லை என்பது நோக்கத்தக்கது.

இனி இளைய ஆசிரியரின் ஐயத்துக்கு வருவோம். இது எளிதில் ஒதுக்கத்தக்கதன்று.

மிதிவண்டித் தலைக்கவசத்தின் உள்ளே இருப்பது, தொலைக்காட்சிப் பெட்டியைப் பொதிந்து அனுப்பும் தெர்மோகோல் போன்ற பொருள், அதனினும் செறிவானது. இரண்டு மூன்று சென்டிமீட்டர் கனமே உடையது. இது இரும்பைப் போலத் தாங்கி நின்று காப்பதில்லை. தான் நசுங்கி, தலை நிற்பதற்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தைச் சற்றே நீட்டுகிறது. அந்தச் சிறு நேரமே மூளைக்குக் கிடைக்கும் சலுகை. ஒரு முறை நசுங்கியது மீண்டும் எழாது. ஆதலின் விழுந்த கவசத்தை மாற்றியே தீரவேண்டும். ஐரோப்பிய நாடுகளின் தரவிதிப்படி இதனைச் சோதிக்கும்போது ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழச் செய்கிறார்கள். தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு இருபது கிலோமீட்டர் அளவில் இருக்கும். மிதிவண்டியிலிருந்து ஒருவர் சாய்ந்து விழுந்தால் தலை தரையை அடையும் வேகமும் ஏறக்குறைய அதுவே. நம் மாணவர் விழுந்த விழுகை இத்தகையது. ஆனால் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் வரும் பேருந்து மோதுமாயின் வேகம் மும்மடங்கு. ஆற்றலோ ஒன்பது மடங்கு. அந்தக் கணக்குக்காக இக்கவசம் செய்யப்படவே இல்லை.

ஆய்வுகள் சொல்வதென்ன? அமெரிக்காவின் சியாட்டில் நகர மருத்துவமனைகளில் நடத்தப்பெற்று 1989 இல் வெளிவந்த ஆய்வு, தலைக்கவசம் தலைக்காயத்தை 85 விழுக்காடு குறைக்கிறது என்றது. அவ்வெண் பல்லாண்டுகள் உலகெங்கும் முழங்கியது. பின்வந்த ஆய்வுகள் அவ்வளவு பயனைக் காணவில்லை. 2013 இல் அமெரிக்க அரசின் துறைகளே தம் வெளியீடுகளிலிருந்து அவ்வெண்ணை நீக்கின. பின்னர் ஆஸ்திரேலிய ஆய்வாளர் இருவர் 40 ஆய்வுகளையும், அவற்றில் இடம்பெற்ற 64,000க்கும் மேற்பட்ட காயமுற்ற மிதிவண்டியோட்டிகளையும் ஒருங்கே வைத்துக் கணித்து, 2016 இல் முடிவுகளை வெளியிட்டனர். தலைக்காயம் ஏற்படும் வாய்ப்பு பாதியளவும், கடுமையான தலைக்காயம் 69 விழுக்காடும் குறைவதாக அக்கணிப்பு காட்டியது. கவசம் அணிபவர் இயல்பிலேயே எச்சரிக்கையானவராக இருக்கக்கூடும் என்னும் தடை இத்தகைய கணக்குகளுக்கு எப்போதும் உண்டு. அதனைக் கழித்துப் பார்த்தாலும், விழுந்த தலைக்குக் கவசம் நன்மையே செய்கிறது என்று கொள்வதில் தவறில்லை.

வழக்கு உண்மையில் மற்றோரிடத்தில்தான் இருக்கிறது. விழுந்தபின் காப்பது ஒன்று. விழாமற் காப்பது வேறொன்று. இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இயன் வாக்கர் என்னும் உளவியலறிஞர், தம் மிதிவண்டியில் தொலைவை அளக்கும் கருவியைப் பொருத்திக்கொண்டு சாலையில் சென்றார். தம்மைக் கடந்துசென்ற 2,300க்கும் மேற்பட்ட வண்டிகளை அளந்தார். தாம் கவசம் அணிந்திருந்த வேளையில் வண்டிகள் சராசரியாக எட்டரை சென்டிமீட்டர் நெருங்கி வந்தன என்று 2007 இல் எழுதினார். "இவன் காப்புடையவன்" என்று ஓட்டுநர் எண்ணிவிடுகிறார் போலும்! ஆயினும் அதே அளவுகளை 2013 இல் மீண்டும் ஆராய்ந்த பிறர், ஒரு மீட்டருக்கும் குறைவான ஆபத்தான நெருக்கத்துக்கும் கவசத்துக்கும் தொடர்பில்லை என்றனர். எட்டரை சென்டிமீட்டரைக் கொண்டு கவசத்தையே தள்ளிவிடுவது மிகையென்று நமக்குத் தோன்றுகிறது.

கட்டாயச் சட்டத்தின் வரலாறு இதனினும் கருதத்தக்கது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1990 ஜூலை முதல் நாள் மிதிவண்டியோட்டிகள் அனைவருக்கும் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. ஓராண்டுக்குள் அணிவோர் அளவு 31 விழுக்காட்டிலிருந்து 75 விழுக்காடாயிற்று. சட்டம் வென்றது என்றே சொல்லத் தோன்றும். ஆனால் மெல்போர்ன் தெருக்களில் எண்ணிப் பார்த்தபோது, மிதிவண்டி ஓட்டும் பதின்பருவத்தினரின் தொகையும் பெரிதும் குறைந்திருந்தது. பிள்ளைகள் கவசத்தை ஏற்பதற்கு மாறாக வண்டியைக் கைவிட்டனர். காயங்கள் குறைந்தமைக்குக் கவசம் எவ்வளவு, ஓட்டுவோர் குறைந்தது எவ்வளவு காரணம் என்று இன்றும் வாதம் நடக்கிறது.

இதற்கு நேர் எதிரானது நெதர்லாந்து. மக்கள்தொகையைவிட மிதிவண்டித் தொகை மிகுந்த நாடு. அங்கே நாளும் வண்டியோட்டுவோர் மிகச் சிலரே கவசம் அணிகின்றனர். இதனைக் காட்டி, 'கவசம் தேவையில்லை' என்பார் உளர். அவர்கள் சொல்ல மறப்பது ஒன்றுண்டு. 1971 இல் அந்நாட்டுச் சாலைகளில் 3,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் 400க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். 'குழந்தைக் கொலையை நிறுத்துக' என்று பெயரிட்டுப் பெற்றோர் தெருவுக்கு வந்து போராடினர். அதன் பின்னரே மிதிவண்டிக்கெனத் தனிப்பாதைகள் நாடெங்கும் எழுந்தன. குடியிருப்புத் தெருக்களில் கார்களின் வேகம் கட்டுக்குள் வந்தது. அவர்கள் தலைக்கு அணியாத கவசத்தைச் சாலைக்கு அணிவித்திருக்கிறார்கள். நம் சாலைக்கு அது வாய்க்காத வரையில் நெதர்லாந்தைச் சான்று காட்டி வெறுந்தலையாய்ச் செல்வது, பிறர் வீட்டுக் கூரையை நம்பி நாம் மழையில் நிற்பது போலாகும்.

நம் நாட்டில் 2022 இல் மட்டும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்ததாக நடுவணரசின் கணக்கு கூறுகிறது. அவர்களுள் பாதியை நெருங்கும் அளவினர் இருசக்கர மோட்டார் வண்டியில் சென்றோர். 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129 ஆம் பிரிவு இவர்களுக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்குகிறது. தமிழ்நாட்டில் 2007 ஜூன் மாதத்திலும், உயர்நீதிமன்ற ஆணையையடுத்து 2015 ஜூலை மாதத்திலும் இது கடுமையாக நடைமுறைப்படுத்தப்பெற்றது. மிதிவண்டி மோட்டார் வாகனமன்று. ஆகவே இப்பிரிவு அதனைத் தீண்டுவதில்லை. தீண்டவும் வேண்டாம் என்பதே நம் கருத்து. 2005-06 முதல் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மேனிலை மாணவர் அனைவருக்கும் மிதிவண்டி வழங்கும் திட்டம் விரிந்தபின், எத்தனையோ பெண்பிள்ளைகள் முதன்முறையாகத் தொலைவிலுள்ள பள்ளிக்குத் தாமே சென்றார்கள். தண்டத்தொகை விதிக்கும் காவலர் ஒருவர் தெருமுனையில் நிற்பாராயின், முதலில் வீட்டில் நிறுத்தப்படுவது அப்பெண்பிள்ளையின் வண்டியாகத்தான் இருக்கும்.

கட்டாயம் வேண்டாம் என்பதனால் கவசம் வேண்டாம் என்றாகிவிடாது. நாமே வாங்கித் தருவோம். அணியுமாறு அன்புடன் சொல்வோம். அதற்குமுன் நம் பிள்ளைகளுக்கெனச் சில செய்திகள் உள்ளன. தந்தையின் மோட்டார் வண்டிக் கவசத்தை மிதிவண்டிக்கு எடுத்து வருவோரைப் பார்க்கிறோம். அது ஒரு கிலோவுக்கும் மேல் எடையுள்ளது. சித்திரை வெயிலில் மிதிப்பவருக்கு அதனுள் தலை வெந்துவிடும். மிதிவண்டிக்கென்றே காற்றோடும் துளைகளுடன் செய்யப்பட்டது கால் கிலோ அளவில் கிடைக்கிறது. தொழுகைத் தொப்பியின் மேல் கவசத்தை வைத்தால் பொருந்தி அமராது. தொப்பியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்ளலாம். சீக்கியரின் தலைப்பாகைக்கு மோட்டார் வாகனச் சட்டம் விலக்களித்திருப்பது போல நம் தொப்பிக்கு விலக்கில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை. முக்காடிடும் மாணவியர் மெல்லிய துணியை ஒற்றை மடிப்பாக இட்டு அதன்மேல் அணியலாம். ஆனால் கவசத்துக்கு அடியில் குத்தூசியோ கொண்டைக் கவ்வியோ இருத்தல் கூடாது. தாடைப் பட்டையை மாட்டாமல் கவசத்தைத் தலையில் வைத்திருப்பது, உறையைத் தாங்கிக்கொண்டு வாளை வீட்டில் விட்டுவருவதற்கு ஒப்பாகும்.

மாணவர் சிலரிடம் பேசியபோது நாம் எதிர்பாராத தடையொன்று தெரியவந்தது. கவசத்தை எங்கே வைப்பது? வண்டியில் தொங்கவிட்டால் களவு போகிறது. வகுப்புக்குக் கொண்டுவந்தால் நண்பர் நகைக்கின்றனர். ஆசிரியர்களாகிய நாமும் மேசைமேல் அதனைக் கண்டால் முகம் சுளிக்கிறோம். ஆய்வுக் கட்டுரைகள் எவற்றிலும் நாம் காணாத இத்தடைக்கு, வண்டி நிறுத்துமிடத்தில் பூட்டுடன் கூடிய ஐம்பது மரமாடங்கள் போதும். நிருவாகக் குழுவினர் இதற்கு இசைவு தெரிவித்திருக்கிறார்கள் என்பதை மகிழ்ச்சியுடன் கூறுகிறோம். கவசங்களின் விலையில் பாதியை ஏற்க முன்னாள் மாணவர் சிலர் முன்வந்துள்ளனர்.

அன்று 'அட்டைத் தொப்பி' என்ற பெரியவரைச் சென்ற வெள்ளியன்று ஜும்ஆவுக்குப்பின் சந்தித்தோம். உஹது நிகழ்ச்சியைச் சொன்னோம். சற்று நேரம் பேசாதிருந்தவர், "அந்தப் பள்ளத்தை மூடச் சொல்லி யாராவது எழுதிப் போட்டீர்களா?" என்று கேட்டார். நாம் தலைகுனிந்தோம். இத்தனை நூல்களைப் புரட்டிய நாம் அதனைச் செய்திருக்கவில்லை.

மைல்கல்லுக்கு அருகே தார்ச்சாலையின் விளிம்பு இன்றும் அதே அரையடி ஆழத்தில்தான் இருக்கிறது. அதனை மண்ணிட்டுச் சமன்செய்யவும், கல்லூரி வாயிலிலிருந்து அவ்விடம் வரை வேகத்தடை அமைக்கவும் வேண்டி மனுவொன்று எழுதப்பட்டுத் தமிழ்த்துறையில் வைக்கப்பட்டுள்ளது. முதற் கையொப்பம் அப்பெரியவருடையது. இரண்டாவது கையொப்பம் சொல்லைத் தேடும் அம்மாணவருடையது. பிறரும் பிற்பகல் இடைவேளையில் வந்து கையொப்பமிடலாம்.