காற்றில் பொரிக்கிறதாம் காலிஃப்ளவர்!

மக்களே, முதலில் ஒரு சந்தேகம். எண்ணெயில் போட்டால் பொரியும். தணலில் வைத்தால் சுடும். ஆவியில் வைத்தால் வேகும். காற்றில் வைத்தால்? காயும். மொட்டைமாடி வடகத்தைக் கேட்டால் சொல்லும் :-) ஆனால் காற்றிலேயே "பொரிக்கிற" பெட்டி ஒன்று வந்து, சென்னை ஃப்ளாட் எல்லாம் முடித்து, இப்போது தேனி, கம்பம் பக்கம் கல்யாணச் சீர் வரிசை வரைக்கும் எட்டிப் பார்க்கிறது. பேர் ஏர் ஃப்ரையர். அதை வாங்கியவர்கள் முதல் வாரத்திலேயே செய்து பார்க்கும் ஐட்டம், காலிஃப்ளவர் சில்லி.

உள்ளே அப்படி என்னதான் இருக்கிறது? மேலே ஒரு சூடாகும் சுருள் கம்பி, அதற்கு மேல் ஒரு விசிறி, கீழே ஓட்டை போட்ட கூடை. அவ்வளவுதான் சாமி. பேக்கரிக்காரர் வைத்திருக்கும் காற்றோட்ட அவனின் குட்டித் தம்பி. 2010-ல் பெர்லின் கண்காட்சியில் ஃபிலிப்ஸ் கம்பெனி இதை இறக்கியபோது "சின்ன அவன்" என்று பேர் வைத்திருந்தால் எத்தனை பேர் திரும்பிப் பார்த்திருப்பார்கள்? "ஃப்ரை" என்ற ஒரு சொல்தான் மொத்த வியாபாரமும். சுடுகிற பெட்டிக்குப் பொரிக்கிற பெட்டி என்று பேர்!

பேரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் தமிழ்நாட்டுப் பக்குவத்தில் ஒரு தரம் செய்து பார்க்கட்டும். கடலை மாவு, கார்ன் மாவு, மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு விழுது, தண்ணீர் விட்டுக் கரைத்து, பூவை முக்கி எடுத்து... எங்கே போடுவது? சட்டியில் 170, 180 டிகிரி எண்ணெய் அந்த மாவை விழுந்த நொடியே இறுக்கிப் பிடிக்கும். காற்றுக்கு அந்தக் கைவேகம் கிடையாது. மாவு இறுகுவதற்குள் கூடை ஓட்டை வழியாகச் சொட்டிக் கீழே போய்விடும், மேலே மிச்சம் இருப்பது வெள்ளைத் திட்டாகக் காயும். உடனே யூட்யூப் அக்கா சொல்வார், "மாவைத் தண்ணியா கரைக்காதீங்க, சும்மா பிசிறி விடுங்க, மேல கொஞ்சம் எண்ணெய் ஸ்ப்ரே பண்ணுங்க." அப்போ எண்ணெயே வேண்டாம் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தது எதற்காம்?

மேகமலைக்கு இதைத் தூக்கிக்கொண்டு போனால் கூத்து இன்னும் அதிகம். சின்னமனூரிலிருந்து 18 கொண்டை ஊசி வளைவு ஏறினால், சுமார் 1500 மீட்டர் உயரம். மேகம் சன்னல் வழியாக உள்ளே வந்து நலம் விசாரித்துவிட்டுப் போகும் ஊர். அந்த உயரத்தில் தண்ணீர் 95 டிகிரிக்கே கொதித்துவிடும். அதனால் புழு போக மஞ்சள், உப்பு போட்ட வெந்நீரில் பூவை வைப்பதாக இருந்தால் கொஞ்சம் கூடுதல் நேரம் வைக்க வேண்டும். அதை வைத்து எடுத்தால் இன்னும் ஈரம். காலிஃப்ளவரே 100 கிராமில் 92 கிராம் தண்ணீர்தான். உள்ளேயிருந்து ஆவி வெளியே வருகிறது, வெளியேயிருந்து மேகம் உள்ளே வருகிறது, நடுவில் மாட்டிய மொறுமொறுப்பு எத்தனை நிமிடம் தாங்கும்? எண்ணெயில் பொரித்ததே அங்கே சீக்கிரம் நமத்துப் போகும். சும்மா மாவு பிசிறிச் சுட்டது தட்டுக்கு வருவதற்குள் பொசுக்கென்று ஆகிவிடும்.

சரி, கணக்குக்கு வருவோம். நாலு லிட்டர் கூடையில் பூக்களை ஒன்றன் மேல் ஒன்று அடுக்கக் கூடாது, காற்று புகாது. ஒரே அடுக்கு என்றால் பாதிப் பூதான். அஞ்சு பேர் குடும்பத்துக்கு மூன்று தவணை, தவணைக்கு 20 நிமிடம், மொத்தம் ஒரு மணி நேரம். 1500 வாட் பெட்டி ஒரு மணி நேரம் முழுசாக ஓடினால் ஒன்றரை யூனிட். தெர்மோஸ்டாட் விட்டு விட்டு அணைப்பதால் கொஞ்சம் குறையும், போகட்டும். வாரம் இரண்டு நாள் என்று வைத்தால் இரண்டு மாதத்துக்கு 26 யூனிட். அரசாங்கம் வீட்டுக்குத் தருகிற 100 இலவச யூனிட்டில் கால்வாசி, காலிஃப்ளவர் சாப்பிட்டுவிடும்! இன்னொரு வேடிக்கை: பச்சைக் காய்க்கு ஜிஎஸ்டி கிடையாது, அதைச் சுடும் பெட்டிக்கு 18 சதவீதம். 5,900 ரூபாய்க்கு வாங்கினால் அதில் 900 ரூபாய் வரி.

மூன்றாவது தவணை வெளியே வரும்போது முதல் தவணை ஆறிப்போயிருக்கும். அந்த ஆறிப்போனதைச் சாப்பிடப் போவது யார் என்று எந்த விளம்பரத்திலும் வராது. எல்லா வீட்டுக்கும் தெரியும், அம்மாதான்.

எண்ணெய் குறைகிறதே என்றால், குறைகிறது, மறுக்க முடியாது. 100 கிராம் காலிஃப்ளவர் 25 கலோரி, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சுமார் 120 கலோரி. டாக்டர் எண்ணெயைக் குறைக்கச் சொன்ன பெரியவர், ரூமில் தனியாகச் சமைக்கும் பேச்சிலர், இவர்கள் வாங்கினால் ஒரு வார்த்தை சொல்வதற்கில்லை. ஆனால் காலிஃப்ளவரில் உள்ள ஆபத்து எண்ணெயின் அளவு மட்டும்தான் என்று நம்ப வைக்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் வயிறு எரிகிறது.

2024 மார்ச்சில் கர்நாடகம் கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறம் சேர்க்கத் தடை போட்டது. சோதித்த 171 மாதிரிகளில் 107 பாதுகாப்பற்றவை என்று அந்த அரசே சொன்னது. அடுத்தது, திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய். அது கெட்டுப்போகும்போது உண்டாகும் போலார் கூட்டுப்பொருட்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலை முதல் தேசிய விதி இருக்கிறது. சாயமும் கறுத்த எண்ணெயும்தான் முதல் எதிரி, இரண்டும் இருப்பது தெருவில். மணலாறு, ஹைவேவிஸ் எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர் சின்னமனூருக்குச் சாமான் வாங்க இறங்கினால், பிள்ளைக்குப் பொட்டலம் கட்டுவது தள்ளுவண்டியில்தான். பெட்டி வாங்க வசதி உள்ளவர், "நாங்கெல்லாம் வெளிய சாப்பிடறதே இல்லப்பா" என்று கதவைச் சாத்திக்கொள்வார். வண்டிச் சட்டியில் எண்ணெய் எத்தனையாவது நாளாகக் கொதிக்கிறது என்று கேட்க வேண்டிய வாய் அதோடு மூடிக்கொள்ளும். வண்டிக்காரர் மேல் மட்டும் பழி போட்டும் பிரயோசனமில்லை. சிவப்பாக இல்லாவிட்டால் வாங்க மாட்டேன் என்று நிற்பதும் இதே மக்கள்தானே!

மொறுமொறுப்பு வேண்டும், எண்ணெயும் கம்மியாக வேண்டும் என்றால் வீட்டில் வடச்சட்டி இருக்கிறது. இரும்பாக இருந்தால் விசேஷம். பூவை வெந்நீரில் போட்டு எடுத்து, துணியில் பரப்பி அரை மணி நேரம் ஈரம் போகக் காய விட வேண்டும், இந்த இடத்தில் அவசரப்பட்டால் எல்லாம் கெட்டது. இரண்டு ஸ்பூன் நல்லெண்ணெய், சட்டி நன்றாகக் காய்ந்த பிறகு பூ, மூடி போடாமல் நல்ல தீயில், அடிக்கடி கிளறாமல் ஒரு பக்கம் சிவந்த பிறகு திருப்பி, கடைசியில் உப்பு, மிளகுத்தூள், கறிவேப்பிலை. கால் மணி நேரம். மழையில் மேகமலையில் கரண்ட் போனாலும் இது நிற்காது.

டிஸ்கி: பெட்டியை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் கோபப்பட வேண்டாம். சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தோலோடு உள்ளே வைத்து, 200 டிகிரியில் 40 நிமிடம் சுட்டுப் பாருங்கள். பிரமாதமாக வரும்.