கல்லூரியில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர் தெரியும், பாதியில் நின்றவர்கள்?

தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம். நாட்டின் சராசரி 28.4. 2021-22 அகில இந்திய உயர்கல்வி ஆய்வு சொல்லும் கணக்கு இது. பெருமைப்பட வேண்டிய எண்தான். ஆனால் இரண்டாம் ஆண்டில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்பியவர்கள் எத்தனை பேர் என்பதை அது சொல்லாது. கல்வராயன் மலையில் இந்தக் கேள்விதான் முக்கியம்.

ஜாகிர்தார்களின் பிடியில் இருந்த இந்த மலை 1976-ல்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. இங்குள்ள மலையாளி பழங்குடிக் குடும்பங்கள் பலவற்றில், இப்போது கல்லூரிக்குப் போகும் பிள்ளைதான் முதல் தலைமுறை.

"ஃபீஸ் கட்ட முடியல, நின்னுட்டான்" என்பார்கள். பாதி உண்மை. அரசுக் கலைக் கல்லூரியில் கட்டணம் குறைவு; பழங்குடி மாணவர்களுக்கு உதவித்தொகையும் உண்டு. உண்மையான செலவு, படிக்கிற பிள்ளையால் வீடு இழக்கும் கூலி. சாமையும் மரவள்ளியும் வருடம் முழுக்கச் சோறு போடாது. கேரளத்து மிளகுத் தோட்டத்துக்கும் கர்நாடகத்துக் காப்பித் தோட்டத்துக்கும் குடும்பத்தோடு கிளம்புகிறார்கள். மிளகு பறிக்கும் மாதங்களில்தான் இரட்டைப்படை செமஸ்டர் வகுப்புகள் நடக்கின்றன. 75 சதவீத வருகை இல்லையென்றால் தேர்வு எழுத முடியாது. அரியர் சேரும். எப்படித் தாண்டுவது என்று சொல்ல வீட்டில் ஆள் கிடையாது. திருப்பூருக்குப் போனால் வாரச் சம்பளம். செம்மரம் வெட்ட ஆள் பிடிக்கும் தரகர்கள் தேடுவதும் இந்த வயதுப் பையன்களைத்தான்.

பெண் பிள்ளைகளுக்குக் காரணம் வேறு. "நல்ல இடம், கல்யாணத்துக்கு அப்புறம் படிச்சுக்கலாம்." அந்த 'அப்புறம்' பெரும்பாலும் வருவதில்லை.

2022-ல் புதுமைப் பெண், 2024-ல் தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் வந்தன. தாலிக்குத் தங்கம் கொடுத்த திட்டத்தைப் படிப்புக்குத் திருப்பியது நல்ல முடிவு. ஆனால் மாதம் 1,000 ரூபாய் என்பது திருப்பூரில் இரண்டு, மூன்று நாள் கூலி. (ஓராண்டில் சான்றிதழ், ஈராண்டில் டிப்ளமோ வாங்கிக்கொண்டு வெளியேறலாம் என்கிறது தேசியக் கல்விக் கொள்கை. அந்தச் சான்றிதழைப் பார்த்து யார் வேலை கொடுப்பார்கள்?)

இந்த 1,000 ரூபாய்க்காகவும் ஒவ்வொரு மாணவரின் விவரமும் அரசின் 'யுமிஸ்' தளத்தில் இருக்கிறது. ஒரு பெயர் விடுபட்டால் உடனே கண்டுபிடித்துவிடலாம். பள்ளிப் பிள்ளை வராவிட்டால் ஆசிரியர் வீடு தேடிப் போகிறார். கல்லூரிப் பிள்ளைக்கும் அப்படி ஒருவர் போகணும்.

2024 ஜூன் கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு, கல்வராயன் மலை மக்களின் நிலையைச் சென்னை உயர் நீதிமன்றமே தானாக முன்வந்து விசாரித்தது. சாலை, ரேஷன் கார்டு பற்றியெல்லாம் பேச்சு வந்தது. அந்தப் பட்டியலில் இன்னும் சில வரிகள் சேரணும்: கள்ளக்குறிச்சி மாவட்டக் கல்லூரிகளில் சேர்ந்த மலைப் பிள்ளைகளில் எத்தனை பேர் பட்டம் வாங்கினார்கள் என்று ஆண்டுதோறும் வெளியிடணும். தோட்ட வேலைக்குப் போனவர்களுக்கு வருகைப் பதிவில் விலக்கு வேண்டும். திரும்பி வரும்வரை அவர்களின் விடுதி இடம் வேறு யாருக்கும் போகாமல் இருக்கணும்.