காத்துக்கு மருந்து கார் கடையில் இல்லீங்க

ஜூலை வந்தால் வளைகுடாவில் பள்ளிக்கூடத்துக்குப் பூட்டு. நம்ம மக்கள் மூட்டை முடிச்சோடு கோயமுத்தூர் ஏர்போர்ட்டில் வந்து இறங்குவார்கள். அதே ஜூலையில்தான் பாலக்காட்டுக் கணவாயில் காற்றும் வந்து இறங்கும். ஆளுக்கு முப்பது கிலோ லக்கேஜ், போர்வை, பால் பவுடர், பாதாம், பிஸ்தா, அத்தனையும் மச்சினனோட சின்னக் காரின் தலையில் ஏறும். அப்புறம் "கார் ஆடுதுங்க, பயமா இருக்குதுங்க" என்று புலம்பல். புலம்பினால் போதும், வைத்தியம் சொல்ல ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. அந்த வைத்தியர்களோடு சண்டை போடத்தான் இந்தப் பதிவு.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் எஞ்சினியர் இல்லை. பி.காம். படித்துவிட்டு மஸ்கட்டில் ஒரு வங்கியில் குப்பை கொட்டுகிறவன். சொந்த ஊர் கொழிஞ்சாம்பாறை பக்கம், பெண் எடுத்தது கம்பத்தில். அதனால் பாலக்காட்டுக் காற்றும் சொந்தம், இடுக்கி மேட்டுக் காற்றும் சொந்தம். கணக்குப் பார்க்கத் தெரியும். இந்த விஷயத்துக்கு அது போதும்.

காற்று எங்கே அடிக்கிறது என்பதிலேயே பாதிப் பேர் தப்பாகப் பேசுகிறார்கள். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, நடுவில் முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு மலையே இல்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று இந்த வாசல் வழியாகக் கிழக்கே பாய்கிறது. கஞ்சிக்கோட்டில் கேரள மின்வாரியம் 1990-களிலேயே காற்றாலை நட்டது சும்மா இல்லை. ஆனால் வாளையார் ரோடு ஏறக்குறைய காற்று போகும் திசையிலேயே போகிறது. கோவை போகும்போது முதுகில் தள்ளும், பாலக்காடு வரும்போது முகத்தில் அடிக்கும். பெட்ரோல் கொஞ்சம் கூடக் குறையச் செலவாகும், அவ்வளவுதான்.

விலாவில் குத்துவது தெற்கு வடக்காகப் போகும் ரோடுகளில். கோவை - பொள்ளாச்சி, பல்லடம் - உடுமலை, வேலந்தாவளம் வழியாக எங்க ஊர் ரோடு. தெற்கே போகும்போது காற்று வலது பக்கம் அடித்து, காரை ரோட்டோரத்துக்குத் தள்ளும். வடக்கே திரும்பி வரும்போது இடது பக்கம் அடித்து வலப்பக்கம் தள்ளும். அதாவது நடுவில் தடுப்பு இல்லாத ரோட்டில், எதிரே வரும் லாரியைப் பார்த்து. தென்னந்தோப்பு நிழலில் அமைதியாக ஓடும் கார், தோப்பு முடிந்து வெட்டவெளி வந்ததும் ஒரு அறை வாங்கும். லாரியை ஓவர்டேக் பண்ணி அதன் மறைவைவிட்டு வெளியே வரும்போதும் அதே அறை.

இப்போ வைத்தியங்கள்.

வைத்தியம் ஒன்று: "மாமா, டிக்கியில ரெண்டு மணல் மூட்டை போட்டாப் போதும், அசையாது." இது என் மச்சினன். நல்ல பையன், ஆனால் இந்த யோசனை காரைக் கெடுக்கும் யோசனை. பக்கக் காற்று காரைத் தள்ளும் புள்ளி பெரும்பாலும் காரின் முன்பாதியில் விழும். எஞ்சின் முன்னால் இருப்பதால் எடையின் மையமும் முன்னால் இருக்கிறது, அதனால் சமாளிக்கிறது. நீங்கள் பின்னால் மூட்டை போட்டால் எடையின் மையம் பின்னால் போகும், இரண்டுக்கும் நடுவில் தூரம் கூடும், காற்றுக்கு நெம்புகோல் நீளமாகும். காரின் மூக்கு இன்னும் சுலபமாகத் திரும்பும். பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில்காரர்கள் மூட்டை போட்டது உண்மைதான் மாப்ளே. அந்தக் காருக்கு எஞ்சின் பின்னால், டிக்கி முன்னால்! :-)

வைத்தியம் இரண்டு: பின்னால் ஒரு இறக்கை. கடையில் மாட்டி, பெயின்ட் அடித்து, பில் போட்டுத் தருவார்கள். அறுபது எழுபதில் போகும் குடும்பக் காருக்கு அது தலையில் வைத்த பூ. அழகு உண்டு, பலன் இல்லை.

வைத்தியம் மூன்று: அகல டயர். கம்பெனி கொடுத்த ஒல்லி ரிம்மில் தடித்த டயரை ஏற்றினால் அதன் பக்கச்சுவர் பிதுங்கி நெளியும். கார் இன்னும் சோம்பேறியாகத் திரும்பும். கார் கம்பெனிக்காரனுக்கு டயர் கணக்குத் தெரியாதா? எஞ்சின் பின்னால் இருந்த டாடா நானோவை நினைத்துப் பாருங்கள். முன்னால் 135, பின்னால் 155 என்று அகலத்தை மாற்றித்தான் கொடுத்தார்கள். பின்பக்கப் பிடிமானம் குறையக் கூடாது என்று யோசித்துச் செய்த வேலை அது.

வைத்தியம் நான்கு, இதுதான் என் வயிற்றெரிச்சல்: "சின்னக் காரை வித்துட்டு எஸ்யூவி எடு." வங்கிக்காரனாகச் சொல்கிறேன், ஏழு வருஷக் கடனுக்கு இது காரணமே இல்லை. எடை கூடும், சரி. கூடவே காற்று பிடிக்கும் பக்கச் சுவரும் கூடும், உயரமும் கூடும். வருஷத்தில் நான்கு வாரம் ஊரில் ஓட்ட, மீதி நாற்பத்தெட்டு வாரம் ஷெட்டில் நிற்கும் வண்டிக்குத் தவணை கட்டாதீர்கள்.

அப்போ என்னதான் வழி? எல்லாமே இலவசம், அல்லது இலவசத்துக்குப் பக்கம். அதனால்தான் யாரும் சொல்வதில்லை.

வேகத்தில் ஆரம்பிப்போம். ஒரு சின்னக் கார் சும்மா நிற்கிறது, மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று பக்கவாட்டில் அடிக்கிறது என்றால், தள்ளு சுமார் 20 கிலோ எடைக்குச் சமம். காற்று 60 ஆனால் தள்ளு இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு, சுமார் 75, 80 கிலோ. கார் ஓட ஓட இது இன்னும் கூடும். காற்றின் வேகம் நம் கையில் இல்லை, காரின் வேகம் நம் கையில். அடித்த அடியில் காரின் மூக்கு ஒரே ஒரு டிகிரி திரும்பியது என்று வையுங்கள். 100-ல் போனால் ஒரு நொடியில் 28 மீட்டர் ஓடி, அரை மீட்டர் பக்கம் விலகியிருப்பீர்கள். 60-ல் போனால் 30 சென்டிமீட்டர்கூட இல்லை. மூன்றரை மீட்டர் லேனில் உங்களுக்குப் பக்கத்துக்கு ஒரு மீட்டர்கூட மிச்சம் கிடையாது. நூறில் போகிறவனுக்கு இரண்டு நொடியில் லேன் முடிந்துவிடும்.

அடுத்தது டயர் காற்று. "மெத்துன்னு இருக்கட்டும்" என்று குறைத்து வைப்பது நம்மூர் வியாதி. பின் டயரில் காற்று குறைந்தால் வால் அலையும். டிரைவர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் முழுச் சுமைக்கு எவ்வளவு என்று தனியாகப் போட்டிருந்தால் அதைப் பிடியுங்கள், காலையில் டயர் சூடாவதற்கு முன்னால். இரண்டு டயர்தான் புதுசு வாங்க முடியும் என்றால் அதைப் பின்னால் போடுங்கள். முன்னால் போடுவதுதான் நம்ம வழக்கம், எனக்கும் தெரியும். மாற்றுங்கள்.

மேலே இருக்கும் கேரியரைக் கழற்றுங்கள். அதில் கட்டிய ஒவ்வொரு பெட்டியும் காற்றுக்குப் பாய் விரித்த மாதிரி, அதுவும் உயரத்தில். கனமான பெட்டி காரின் தரையில், பின் சீட்டுக்கு ஒட்டி முன்னால் தள்ளி இருக்கட்டும். மிச்ச லக்கேஜ் வாடகை வண்டியில் வரட்டும். அந்த வாடகை, இறக்கை விலையில் ஒரு பங்குகூட வராது.

வீல் அலைன்மென்ட், ஸ்டியரிங் ஆட்டம், தேய்ந்த புஷ் இதெல்லாம் ஊர் போய்ச் சேருவதற்கு முன்பே மச்சினனைப் பார்க்கச் சொல்லுங்கள். ஓட்டும்போது இரண்டு கையும் ஸ்டியரிங்கில். காற்று தள்ளினால் லேசாகத் திருத்துங்கள், வெடுக்கென்று ஒடிக்காதீர்கள். காற்று சட்டென்று நின்றால் நீங்கள் ஒடித்த பக்கமே கார் பாயும்.

இடுக்கி பக்கம் ராமக்கல்மேடு போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. கம்பம் பள்ளத்தாக்கைப் பார்த்து நிற்கும் அந்த மேட்டில், மலை மறைவில் இருந்து வளைவு திரும்பியதும் காற்று வேறு பக்கமிருந்து வரும். நிறுத்தும்போது மூக்கு காற்றைப் பார்க்கட்டும். பின்னாலிருந்து அடித்தால் குழந்தை திறக்கும் கதவு கையைவிட்டுப் பறந்து கீல் வளையும்.

காசு செலவழித்தே தீருவேன் என்றால் புதுக் கார் எடுக்கும்போது இ.எஸ்.சி. இருக்கிறதா என்று கேளுங்கள். கார் திசை மாறுவதை உணர்ந்து, தேவையான சக்கரத்தில் மட்டும் தானே பிரேக் பிடிக்கும் வசதி. பக்கக் காற்றுக்கென்றே இதை வளர்த்து மெர்சிடிஸ் 2013-ல் ஸ்ப்ரின்டர் வேனில் கொடுத்தது. நம்ம ஊரில் 2023-ல் வந்த பாரத் என்கேப் சோதனையில் மூன்று நட்சத்திரம் வாங்கவே இ.எஸ்.சி. வேண்டும். சீட் கவருக்குப் பேரம் பேசும் வாயால் இதையும் கேட்கலாம்.

அரசாங்கத்துக்கும் ஒரு கேள்வி. பாம்பன் பழைய ரயில் பாலத்தில் காற்று 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலுக்குச் சிவப்பு விழும்படி வைத்திருந்தார்கள். அத்தனை டன் ரயிலுக்கே அந்த மரியாதை. எண்ணூறு கிலோ காரில் குழந்தை குட்டியோடு போகிறவனுக்கு, வெட்டவெளி தொடங்கும் இடத்தில் ஒரு எச்சரிக்கைப் பலகை, ஏர்போர்ட்டில் பறக்குமே அந்த மாதிரி ஒரு காற்றுப்பை வைக்கக் கூடாதா? தமிழ்நாடு, கேரளா இரண்டு பக்கமும்தான் கேட்கிறேன்.

அவர்கள் வைக்கும்வரை தென்னை மட்டையைப் பாருங்கள். மட்டையெல்லாம் ஒரே பக்கம் வாரிவிட்ட மாதிரி நின்றால் காலை ஆக்சிலேட்டரில் இருந்து எடுங்கள். மஸ்கட்டிலிருந்து ஒரு வருஷம் காத்திருந்து ஊருக்குப் போகிறோம், வீட்டுக்கு அரை மணி லேட்டாகப் போனால் சோறு ஒன்றும் ஆறிவிடாது. என்னங்க நான் சொல்றது?