பெட்டி பாடுமா, நாம் பாடுவோமா?

இசைக்கு இணங்காத உள்ளம் இல்லை என்பர் பெரியோர். நம் திருச்சி மாநகரில் விடியற்காலை முதல் இரவு வரை இசைக்குக் குறைவே இல்லை. பாலக்கரையிலும் மேலப்புதூரிலும் ஆலய மணியைத் தொடர்ந்து பாடல் எழும். காவிரிக்கு அப்பால் அரங்கன் கோயிலில் நாகசுரம் முழங்கும். இத்தகைய ஊரில், நம் பள்ளிகளிலும் இல்லங்களிலும் கடந்த சில பத்தாண்டுகளாகக் குடிபுகுந்துவிட்ட ஒரு கருவியைப் பற்றி இங்குச் சில கூற விரும்புகிறோம். நாம் எல்லோரும் 'கீபோர்டு' என்று அழைக்கும் மின்னிசைப் பெட்டியே அது.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அக்கருவி நமக்கு வேண்டும். ஆனால் அது நம்மைப் பாட வைக்கும் பெட்டியாக இருக்க வேண்டும். நமக்குப் பதிலாகப் பாடும் பெட்டியாகிவிடக் கூடாது. பாடற்குழுவில் நிற்கும் நாங்கள் இதைப் பட்டறிந்தே சொல்கிறோம்.

இப்பெட்டி செய்யும் விந்தையை முதலில் பார்ப்போம். பெரும்பாலும் இதில் 61 கட்டைகள், அதாவது ஐந்து ஸ்தாயிகள் இருக்கும். வலக்கையால் பாடலின் மெட்டை வாசிக்கிறோம். இடக்கையால் இரண்டு மூன்று கட்டைகளைச் சேர்த்து அழுத்தி 'கார்டு' பிடிக்கிறோம். உடனே அந்தக் கார்டுக்கு ஏற்பத் தாளமும், அடிநாதமான பேஸும், கிட்டாரும் தாமாகவே எழுந்து உடன் வருகின்றன. தொடக்க இசைக்கு ஒரு பொத்தான், சரணம் மாறும்போது ஒன்று, முடிவுக்கு ஒன்று. ஒரு சிறுமி தனியாக அமர்ந்து ஒரு வாத்தியக் குழுவையே நடத்திவிடலாம்! நம் நாட்டுக்கென்றே காசியோ, யமஹா நிறுவனங்கள் வெளியிட்ட பெட்டிகளில் தபலாவும் தம்புராவும்கூட உண்டு.

இது ஒரே நாளில் பிறந்ததன்று. 1959-இல் அமெரிக்காவின் வுர்லிட்சர் நிறுவனம் 'சைடுமேன்' என்ற மின் தாளப் பெட்டியை வெளியிட்டது. கணக்கிடும் கருவிகளுக்குப் பெயர்பெற்ற ஜப்பானின் காசியோ நிறுவனம் 1980 ஜனவரியில் 'காசியோடோன் 201' என்னும் பெட்டியைக் கொண்டுவந்தது. அதில் 49 கட்டைகள், 29 வகை ஒலிகள். வீட்டு மேசையில் வைக்கத்தக்க மின்னிசைக் கருவி சாதாரணக் குடும்பங்களுக்கு எட்டத் தொடங்கிய காலம் அது. தாளப் பெட்டியும் கட்டைப் பெட்டியும் நாளடைவில் ஒன்றாகி, இன்று நம் இசையறையில் உறை போர்த்தி நிற்கின்றன.

இனி எங்களுக்கு நேர்ந்ததைக் கூறுகிறோம். ஒரு முதல் வெள்ளிக்கிழமை. திருப்பலிக்கு அரைமணி நேரம் முன்பு தொடக்கப் பள்ளிச் சிறுமியர் தங்கள் பாடலை ஒத்திகை பார்த்தனர். அவர்களுடைய மெல்லிய குரலுக்கு ஏற்ப, கீபோர்டின் சுருதியை ஒரு பொத்தானால் மூன்று அரைச்சுரங்கள் உயர்த்தி வைத்திருந்தார்கள். ஒத்திகை முடிந்ததும் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர ஒருவருக்கும் நினைவில்லை. குருவானவர் பீடத்தை நோக்கி வந்தார். நாங்கள் வருகைப் பாடலைத் தொடங்கினோம்.

ஆர்மோனியக் கட்டைகளை எண்ணியே நம் பாடகர்கள் சுருதியை ஒரு கட்டை, ஐந்து கட்டை என்று சொல்வது வழக்கம். நான்கு கட்டையில் நாங்கள் பாடிப் பழகிய பாடல் அன்று ஐந்தரைக் கட்டையில் கிளம்பியது. முதல் வரியை எப்படியோ பாடிவிட்டோம். இரண்டாம் வரியின் உச்சச் சுரம் ஒருவருக்கும் எட்டவில்லை. சிலர் கீழ் ஸ்தாயிக்கு இறங்கினர். சிலர் வாயை மூடிக்கொண்டனர். பெட்டியின் தாளமோ எதையும் பொருட்படுத்தாமல் தன் வழியே நடந்துகொண்டிருந்தது. வாசித்தவள் தன் விரல்களைப் பார்த்தாள். அவை சரியான கட்டைகளின்மேல்தான் இருந்தன. ஆகவே பாடுகிறவர்களிடம்தான் பிழை என்று எண்ணி அவள் எங்களை முறைத்தாள்!

திருப்பலி முடிந்ததும் வழக்கு மூண்டது. பாடியவர்கள் வாசித்தவளைக் குறை கூறினோம்; அவள் சிறுமியரைக் குறை கூறினாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். அப்போது பின் வரிசையில் அமர்ந்திருந்த தோழி ஒருத்தி எங்களிடம் வந்தாள். அவள் ஸ்ரீரங்கத்திலிருந்து நாள்தோறும் பேருந்தில் பாலம் கடந்து வருபவள். "முதல் வரியிலேயே சுருதி ஏறிப் போச்சே, உங்களுக்குக் கேக்கலையாடீ?" என்றாள்.

அந்த ஒரு கேள்வி எங்களைத் தலைகுனிய வைத்தது. அவள் காதில் பட்டது, அதே இடத்தில் நின்ற இருபது பேரின் காதிலும் ஏன் படவில்லை? அவளுடைய பாட்டி காலையில் சுருதிப் பெட்டியைப் போட்டு, அதனோடு குரல் ஒன்றும்வரை ஸட்ஜத்தை மட்டுமே நீட்டிப் பாடச் சொல்வாராம். அதன் பிறகே பாட்டு. 'சுருதி மாதா, லயம் பிதா' என்பது அந்த வீட்டில் நாள்தோறும் கேட்கும் மொழி. நாங்களோ தாயையும் தந்தையையும் சேர்த்தே பெட்டியிடம் ஒப்படைத்துவிட்டிருந்தோம். தொடக்க இசையை அது தரும், சுருதியை அது தரும், தாளத்தை அது தரும் என்றிருந்ததால் எங்கள் செவி உறங்கிவிட்டது.

'அப்படியானால் அந்த இயந்திரமே வேண்டாமே!' எனச் சிலர் கூறலாம். அது சரியன்று. புதிய கருவி ஒவ்வொன்றும் முதலில் ஐயத்துக்கு உள்ளானதுதான். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் மேல்நாட்டு வயலினைக் கருநாடக இசைக்கு வசப்படுத்தினார். இன்று வயலின் இல்லாத கச்சேரியை எண்ணிப் பார்க்க முடியுமா? மாண்டலினை உ. ஸ்ரீநிவாஸும், சாக்சபோனைக் கத்ரி கோபால்நாத்தும் அவ்வாறே நம் இசைக்குப் பழக்கினர்.

ஆர்மோனியத்தின் கதை இன்னும் பொருத்தமானது. பாரிசில் பிறந்த அக்கருவியைக் கல்கத்தாவின் துவாரகாநாத் கோஷ் தரையில் அமர்ந்து கையால் துருத்தி இயக்கும் வடிவில் அமைத்தார். அது நாடெங்கும் பரவியது. ஆனால் அகில இந்திய வானொலி 1940-இல் அதற்குக் கதவை அடைத்தது. நம் திருச்சி வானொலி நிலையம் அதற்கு முந்தைய ஆண்டுதான், 1939-இல், தொடங்கியிருந்தது. இரு கட்டைகளுக்கு இடையே உள்ள நுண்ணிய ஒலிகளையும் வழுக்கிச் செல்லும் கமகங்களையும் ஆர்மோனியத்தால் தர இயலாது என்பதே முக்கியமான குற்றச்சாட்டு. 1971-இல்தான் அத்தடை ஓரளவு தளர்ந்தது.

அதே குற்றச்சாட்டு கீபோர்டுக்கும் பொருந்தும். இதற்கு ஒரு மாற்று வழியாக, பல பெட்டிகளின் இடப்பக்கத்தில் ஒரு சிறு சக்கரம் இருக்கிறது. அதை உருட்டினால் சுரம் வளையும். கீபோர்டு சத்யநாராயணன் அதைக் கொண்டு கருநாடகக் கச்சேரிகளே செய்துவருகிறார். ஆனால் அந்தக் கமகம் சக்கரத்தில் இல்லை. அது அவர் பயின்ற பயிற்சியில் இருக்கிறது. எந்தச் சுரம் எவ்வளவு வளைய வேண்டும் என்று சக்கரத்துக்கு யார் சொல்வது? காதுதானே!

நம் திருச்சபையின் வரலாறும் இதையே காட்டுகிறது. இசையின் பாதுகாவலியான புனித செசிலியாவின் திருநாளான நவம்பர் 22 அன்று, 1903-ஆம் ஆண்டில், திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் ஆலய இசை பற்றி ஒரு மடல் எழுதினார். ஆலயத்தில் முரசு போன்ற ஆரவாரக் கருவிகளை மட்டுமன்றிப் பியானோவையும் அவர் விலக்கினார் என்பது இன்று நமக்கு வியப்பாக இருக்கும். 1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு குழல் ஆர்கனைப் பெரிதும் போற்றியது. பிற கருவிகளும் வழிபாட்டுக்குத் தகுதியானவையாக இருந்தால் ஏற்கலாம் என்று வாயிலைத் திறந்தது. 1967 மார்ச் 5-இல் வந்த திருவழிபாட்டு இசை பற்றிய ஏடோ கருவிகள் குரலைத் தாங்கி நிற்க வேண்டும், பாடலின் சொற்களை மூழ்கடித்துவிடக் கூடாது என்று தெளிவுபடுத்தியது.

தோழியரே, இங்கேதான் நம் கேள்விக்கு விடை இருக்கிறது. எந்தக் கருவி என்பதைவிட, அது மக்களின் குரலைத் தாங்குகிறதா என்பதே முக்கியம். காவிரியின் அக்கரையிலும் இதே நெறியைக் காணலாம். மார்கழியில் ஸ்ரீரங்கம் கோயிலில் அரையர்கள் திவ்வியப் பிரபந்தம் பாடுகிறார்கள். அவர்கள் கையில் இருப்பது ஓர் இணைத் தாளம் மட்டுமே. பாடலின் சொல் கேட்போரைச் சென்றடைகிறது.

இனி, இக்கருவியை உடைமையாகக் கொள்வது பற்றி ஒரு சொல். நம் வகுப்புகளில் சிலருடைய வீட்டில் கீபோர்டு இருக்கிறது. பலருடைய வீட்டில் இல்லை. இருப்பவள் எல்லா விழாவிலும் அழைக்கப்படுகிறாள். இல்லாதவள் பின்னால் நின்று பார்க்கிறாள். திறமை இருந்தும் தொட்டுப் பார்க்க வாய்ப்பில்லாதவர்கள் எங்கள் குழுவிலேயே இருக்கிறார்கள். பள்ளியின் பெட்டியோ விழா நாள் தவிர மற்ற நாள்களில் பூட்டிய அறையில் இருக்கிறது. பழுதாகிவிடும் என்ற அச்சம் நியாயமானதே. ஆயினும் தொடப்படாத கருவியும் ஒருவகையில் பழுதான கருவிதான் அல்லவா?

ஒரு கருவியின் மதிப்பை உணர ஏ. ஆர். ரகுமானின் இளமைக் காலத்தை நினைத்துப் பார்க்கலாம். அவருடைய தந்தை இசையமைப்பாளர் ஆர். கே. சேகர் 1976-இல் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டே அக்குடும்பம் காலம் தள்ளியது. பலர் கைக்குச் சென்று வந்த கருவிகள் ஒரு வீட்டுக்கு உணவளித்தன. நம் பெட்டியும் பல கைகளுக்குச் சென்று வரட்டுமே!

ஆகவே சில வேண்டுகோள்களைப் பணிவுடன் முன்வைக்கிறோம்.

முதலாவது, எங்கள் மதிப்பிற்குரிய அருட்சகோதரியருக்கு. மதிய இடைவேளையில் ஓர் ஆசிரியையின் மேற்பார்வையில் இசையறையைத் திறந்துவைக்க வேண்டுகிறோம். வீட்டில் கருவி இல்லாத மாணவியருக்கு முதலிடம் கொடுத்து முறை வைக்கலாம். வகுப்புக்கு இருவராவது வாசிக்கப் பழகினால், ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் பாடற்குழுவே முடங்கும் நிலை வராது.

இரண்டாவது, பெற்றோருக்கு. பெட்டி வாங்குவதாயின், ஒலிகளின் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். மெல்ல அழுத்தினால் மெல்லவும், வலுவாக அழுத்தினால் வலுவாகவும் ஒலிக்கும் கட்டைகள் உள்ளதா என்று பாருங்கள். விரலுக்கு உணர்ச்சி வருவது அதனால்தான். காதொலிக் கருவியை மாட்டிக்கொண்டால் அண்டை வீட்டாருக்குத் தொல்லை இல்லை. இலண்டன் டிரினிட்டி கல்லூரி மின்னிசைக் கீபோர்டுக்கும் படிப்படியான தேர்வுகளை நடத்துகிறது, விருப்பமுள்ளோர் எழுதலாம். ஆனால் சான்றிதழைச் சுவரில் மாட்டிவிட்டுப் பெட்டியைப் பரணில் ஏற்றிவிடாதீர்கள். வசதி இருந்தால், பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் உடன் அமரச் செய்யுங்கள்.

மூன்றாவது, நமக்கு நாமே சொல்லிக்கொள்வது. புதுப் பாடலைக் கற்கும்போது முதலில் பெட்டி இல்லாமல் பாடுவோம். அதன் பிறகு தானியங்கித் தாளத்தை நிறுத்திவிட்டு, மெட்டுக்கும் கார்டுக்கும் மட்டும் வாசிப்போம். தாளத்தைக் கடைசியில் சேர்ப்போம். வாசித்து முடித்து எழும்போது சுருதிப் பொத்தானைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவோம். இப்போது எங்கள் பெட்டியின்மேல் இதை நினைவூட்டும் துண்டுத்தாள் ஒன்று ஒட்டப்பட்டுள்ளது!

இந்த மூன்றாவது முறையை நாங்கள் நடைமுறைப்படுத்திவிட்டோம். அடுத்த முதல் வெள்ளியன்று காணிக்கைப் பாடலைக் கருவியே இல்லாமல் பாடினோம். பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. மூன்றாம் சரணம் வருமுன் சுருதி அரைக் கட்டை இறங்கிவிட்டது. ஆனால் இறங்கியது எங்களுக்கே கேட்டது! மேலும், வழக்கமாகப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு வாளாவிருக்கும் கடைசி வரிசை மாணவியரும் அன்று பாடினர். இசை பெட்டியிலிருந்து வராத நேரத்தில், அது தங்களிடமிருந்துதான் வர வேண்டும் என்று அவர்கள் உணர்ந்தனர் போலும். ஸ்ரீரங்கத்துத் தோழி இப்போது ஒத்திகையின்போது எங்கள் நடுவில் நின்று சுருதி பார்க்கிறாள்.

கருவி வளரட்டும், நாளை இதனினும் வியப்பானது வரட்டும். எது வந்தாலும் இறைவன் நமக்கு இலவசமாகத் தந்த கருவிகள் இரண்டு உண்டு: ஒன்று குரல், மற்றொன்று செவி. அவற்றுக்கு மின்சாரமும் வேண்டாம், பூட்டும் வேண்டாம். அவற்றை விழிப்பாக வைத்துக்கொண்டு பெட்டியைத் துணைக்கு அழைப்போம், தோழியரே! பெட்டி துணை நிற்கட்டும், நாம் பாடுவோம்.